ஆர்.சி. பள்ளியா, கான்வென்ட்டா, விடுதியா, ஞாயிறு மறைக்கல்வி போதுமா? கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஜனவரி பிறந்துவிட்டால் கோயில்களின் பங்கு அலுவலகங்களில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். சிலருக்குக் கல்யாணத்துக்கு வேண்டும், சிலருக்கு எல்.கே.ஜி. சேர்க்கைக்கு. இரண்டாவது வகையினர் சான்றிதழை வாங்கிக்கொண்டு, எழுந்திருக்கும் முன் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நம்ம சிஸ்டர்ஸ் ஸ்கூல்லயே போட்டா பிள்ளை கடைசி வரைக்கும் கோயிலோட இருக்கும்ல, ஃபாதர்?"

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பன்னிரண்டு வருடம் சபைப் பள்ளியில், அதாவது துறவற சபையினர் நடத்தும் பள்ளியில், படித்துவிட்டு, கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கிறவர்களை எல்லாப் பங்கிலும் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் படித்து, நாற்பது வயதிலும் ஞாயிறு தவறாமல் பாடகர் குழுவில் நிற்கிறவர்களும் உண்டு. ஆகவே பள்ளியின் பெயர்ப்பலகையில் புனிதர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதியது இது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முன்னால் இருக்கும் நான்கு வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குற்ற உணர்வோடு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. திருச்சபைச் சட்டத்தின் 798ஆம் விதி, கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும்படி பெற்றோரிடம் சொல்கிறது. அப்படிச் சேர்க்க முடியாவிட்டால் பள்ளிக்கு வெளியே அந்தக் கல்வி கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் பெற்றோரைத்தான் முதன்மையான ஆசிரியர்கள் என்கிறது. வேறு பள்ளியில் சேர்ப்பது பாவம் இல்லை. சேர்த்துவிட்டு மறைக்கல்வியை, அதாவது விசுவாசப் பாடத்தை, மறப்பதுதான் தவறு.

## எதை வைத்து எடைபோடுவது?

பிள்ளைக்குக் கோயிலில் ஒரு வேலை இருக்கிறதா? பட்டியலில் இதைத்தான் முதலில் வைப்பேன். பீடச்சிறுவர், பாடகர் குழு, வாசகம் வாசிப்பது, பூ அலங்காரம், மைக் செட் பார்த்துக்கொள்வது என்று எதுவானாலும் சரி. "இந்த ஞாயிறு நீ வரலன்னா யார் செய்வா?" என்று ஒருவர் கேட்கும் நிலையில் இருக்கும் பிள்ளை பதினாறு வயதிலும் வரும். வெறுமனே கூட்டிக்கொண்டு வரப்படும் பிள்ளை, கூட்டிவர ஆள் இல்லாத நாளில் நின்றுவிடும். இந்த வேலை கிடைக்கிற இடம் பெரும்பாலும் பங்குதான், பள்ளி இல்லை. பள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சனிக்கிழமை வகுப்பு உண்டா என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்து சேரும்.

நண்பர்கள். பள்ளி நட்பு ஆயுளுக்கும் நிற்க மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: பல வருடம் ஒரே வகுப்பு, நடந்து போகிற தூரத்தில் வீடு, படிப்புக்கு வெளியே சேர்ந்து செய்த ஏதோ ஒன்று. விசுவாசத்துக்கு இன்னும் ஒன்று வேண்டும். தன்னைப் போலவே ஜெபிக்கிற ஒரு நண்பன் அல்லது தோழியாவது இருக்க வேண்டும். கத்தோலிக்கப் பள்ளி என்றால் அது தானாகவே கிடைத்துவிடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். குமரி மாவட்டத்தையும் கடலோரப் பங்குகளையும் விட்டுவிட்டால், நகரத்துச் சபைப் பள்ளி வகுப்பறைகளில் பெரும்பாலானோர் இந்துப் பிள்ளைகள். அது குறையே இல்லை. தன் விசுவாசத்தை மதிக்கிற வேற்று மதத்து நண்பர்கள் கிடைப்பது பெரிய கொடை. ஆனால் "நாற்பது பேர் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் எத்தனை?" என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து பேர் என்றால் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து மறைக்கல்வி நடக்க வாய்ப்பு அதிகம். மற்றவர்கள் அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள்.

பெரியவர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள்? சிஸ்டர்களும் ஃபாதர்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள். பிள்ளைக்கு மனம் ஒட்டுகிற நேரத்தில் மாற்றல் ஆணை வந்துவிடும். நிலைத்து நிற்பவர்கள் பொதுநிலை ஆசிரியர்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் மூத்த ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று விசாரிப்பது, ரிசல்ட் சதவீதத்தை விசாரிப்பதை விட நல்ல தகவல் தரும்.

மறைக்கல்வி நேரம், செலவு. வாரம் இரண்டு பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம், தேர்வு வாரங்கள் போக 34 வாரம் என்று வைத்தால் வருடத்துக்குச் சுமார் 45 மணி நேரம். ஞாயிறு வகுப்பு 45 நிமிடம், 35 ஞாயிறு என்றால் 26 மணி நேரம். பள்ளிக்குச் சாதகமாகத் தெரிகிறது. ஆனால் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிற முதல் பீரியட் எது என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

## 1. கோயில் வளாகத்து ஆர்.சி. பள்ளி

மறைமாவட்டமோ சபையோ நடத்தும், அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசு தருவதால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல், மதிய உணவு உண்டு. காலை உணவுத் திட்டமும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024இல் கிராமங்களிலும் 2025இல் நகரங்களிலும் விரிவாக்கப்பட்டது.

விசுவாச வளர்ச்சிக்கு இந்தப் பள்ளியின் பலம் பாடத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது. பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு கதவுதான். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் வகுப்பே எழுந்து மூவேளை ஜெபம் சொல்லும். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் தோரணம் கட்டுகிற பையன்களும், சப்பரத்துக்குப் பூத் தொடுக்கிற பிள்ளைகளும் அதே வகுப்புக்காரர்கள். வீடும் பக்கம் என்பதால் பள்ளி நட்பும் பங்கு நட்பும் ஒன்றாகிவிடும். முன்னால் சொன்ன மூன்று விஷயங்களும் இங்கே சேர்ந்துவிடுகின்றன. உதவிபெறும் பணியிடத்தில் இருக்கும் ஆசிரியர்கள் ஒரே மறைமாவட்டத்துக்குள்ளேயே பணிக்காலம் முழுவதும் இருப்பார்கள். அப்பாவுக்குப் பாடம் எடுத்தவரே மகனுக்கும் எடுப்பது இங்கே சாதாரணம்.

வெளியே தெரியாத செலவுகள்:

- பல ஊர்களில் இது நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதில் பிள்ளைகள் நான்கு திசைக்குப் போவார்கள். விசுவாசம் ஆட்டம் காணத் தொடங்கும் வயதும் அதுவே. ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே என்பதை முதலாம் வகுப்பில் சேர்க்கும்போதே யோசித்துவிடுங்கள்.
- மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். உதவிபெறும் பள்ளி அதில் வராது. சேர்ந்த பிறகு இது தெரிந்து வருந்துகிறவர்கள் அநேகம்.
- மறுபக்கம், அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உண்டு. அதே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் நடந்தால், பிள்ளை எந்தப் பிரிவின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி உயிரோட்டமாக இருந்தால், குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையாவது, என் முதல் தேர்வு இதுதான். மாணவர் எண்ணிக்கை தேய்ந்து இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் நிலை என்றால் பாசத்துக்காகச் சேர்க்க வேண்டாம்.

## 2. சபையினர் நடத்தும் ஆங்கிலவழிப் பள்ளி

ஊர் வாயில் "கான்வென்ட்". மெட்ரிக், சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. எதுவாகவும் இருக்கலாம். பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842இல் சென்னை ஜார்ஜ் டவுனுக்கு வந்து பள்ளி நடத்தத் தொடங்கிய காலம் முதல் இந்தப் பள்ளிகளுக்கு இருக்கும் மதிப்பு வெறும் ஆங்கிலத்துக்காக வந்தது இல்லை. ஒழுங்கு, பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, எல்லா மதத்தாரும் ஒரே பெஞ்சில் உட்காருவது எல்லாம் சேர்ந்து வந்தது.

நட்பு வட்டம் இங்கே அகலமானது. எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே வளாகம், பழைய மாணவர் சங்கம், இருபது வருடம் கழித்தும் ஓடுகிற வாட்ஸ்அப் குழு. ஆனால் நண்பர்களின் வீடுகள் வேன் ரூட் வழியே ஊரெங்கும் சிதறிக் கிடக்கும். மாலையில் சேர்ந்து விளையாட முடியாது. கல்லூரிக்குப் பிறகு இந்த நட்பு ஃபோனில் நிற்கும், தெருவில் நிற்காது.

விசுவாசத்தில் ஒரு சிறிய, ஆனால் கவனிக்க வேண்டிய சிக்கல் உண்டு. பிள்ளை அசெம்பிளியில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் மங்கள வார்த்தை ஜெபத்தையும் ஆங்கிலத்தில் கற்கும். வீட்டில் ஆத்தாவோ பாட்டியோ ஜெபமாலை சொல்லும்போது "அருள் நிறைந்த மரியே" தெரியாமல் உதட்டை மட்டும் அசைக்கும். ஞாயிறு தமிழ்ப் பூசையில் "உம் ஆன்மாவோடும்" என்று எல்லாரும் பதில் சொல்ல, அது சும்மா நிற்கும். பெற்றோர் அதை அசட்டை என்று நினைத்துத் திட்டுவார்கள். உண்மையில் அதற்கு வார்த்தை தெரியவில்லை, அவ்வளவுதான். இரவு ஜெபத்தைத் தமிழில் தினம் பத்து நிமிடம் சேர்ந்து சொன்னால் மூன்று மாதத்தில் சரியாகும்.

பணத்தில் கட்டணத்தோடு வேன், சீருடை, சிறப்பு வகுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடங்களை நம்பிப் போக வேண்டாம். 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. பதிலாக, கத்தோலிக்க ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டா என்று நிர்வாகத்திடம் நேரே கேளுங்கள். பங்குத்தந்தையின் கடிதம் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும். விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்க வேண்டும், பட்டியல் ஒட்டிய பிறகு பயன் இல்லை.

பள்ளிக்குள் சிற்றாலயம், வருடாந்தர தியானம், இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் மூன்றும் பெயரளவில் இல்லாமல் நடந்தால் இது நல்ல தேர்வு. அந்த இயக்கம் கடைசியாக எப்போது கூடியது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் உண்மை தெரியும்.

(வேற்று மதப் பெற்றோருக்கு: அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும் உங்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் சேர்க்க முடியாது. அரசியல் சட்டப் பிரிவு 28(3) அதைச் சொல்கிறது.)

## 3. விடுதிப் பள்ளி

நட்புக்கு இதை மிஞ்சியது இல்லை. ஒரே வரிசையில் தட்டு கழுவி, ஒரே ஸ்டடி ஹாலில் தூங்கி வழிந்து, காய்ச்சலில் ஒருவருக்கொருவர் கஞ்சி வாங்கிக் கொடுத்தவர்கள் கடைசி வரை விடமாட்டார்கள். அப்பா அம்மா வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கும், ஒற்றைப் பெற்றோருக்கும், பள்ளியே இல்லாத மலைக் கிராமங்களுக்கும் இது தேவை.

விசுவாசத்தில் மட்டும் இது இருபக்கமும் வெட்டும். தினப்பூசை, ஜெபமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை எல்லாம் உண்டு. ஆனால் எல்லாமே மணி அடித்து நடப்பவை. மணி நின்றதும் ஜெபமும் நின்றுபோகிற ஆபத்து இருக்கிறது. அதைவிட மோசம் ஜெபத்தைத் தண்டனையாக்குவது. பேசினால் முழந்தாளிட்டு ஐம்பது தடவை "அருள் நிறைந்த மரியே" சொல்லவைக்கும் வார்டன், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் கசப்பான ஒரு ஜெபத்தைக் கொடுத்து அனுப்புகிறார். பூசைக்கு வராவிட்டால் அபராதம் என்பதும் அப்படித்தான். விடுதி பார்க்கப் போகும்போது வார்டனிடம் "பூசைக்கு வர மறுக்கும் பையனை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "கூப்பிட்டுப் பேசுவோம்" என்பவரிடம் பிள்ளையை விடலாம். சிரித்துக்கொண்டே "வராம எப்படி இருப்பான்?" என்பவரிடம் யோசித்து விடுங்கள்.

பாதுகாப்பில் வெட்கப்பட வேண்டாம். 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, இரவில் யார் பொறுப்பு, பிள்ளை தனியாக வீட்டுக்கு ஃபோன் பேச முடியுமா, 1098 உதவி எண் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குருவானவர், சிஸ்டர் நடத்துகிறார்கள் என்பதற்காக எந்தக் கேள்வியையும் விட்டுவிடக் கூடாது.

இன்னொரு இழப்பு சொந்தப் பங்கு. ஆறாம் வகுப்பில் போன பிள்ளை பன்னிரண்டு முடித்துத் திரும்பும்போது பங்கில் அதை யாருக்கும் தெரியாது. மே மாத விடுமுறையில் நடக்கும் விவிலிய முகாமில் வருடாவருடம் உட்கார வையுங்கள். அந்தப் பத்து நாள்தான் ஊரோடு ஒட்டும் நூல்.

## 4. பக்கத்துப் பள்ளி, ஞாயிறு மறைக்கல்வி

அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, வீட்டுக்குப் பக்கம். விசுவாசம் வீட்டிலும் பங்கிலும்.

பள்ளி பக்கம் என்பதால் மிச்சமாகும் நேரம் முழுக்கப் பிள்ளைக்கு. மாலை ஐந்தரைப் பூசைக்குப் பீடத்தில் நிற்க முடியும். ஞாயிறு வகுப்பில் முதல் வகுப்பு முதல் கூட இருக்கும் பத்துப் பதினைந்து பேரும் ஒன்றாகப் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, ஒன்றாக உறுதிப்பூசுதல் பெற்று, பின்னால் ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் பந்தி பரிமாறுவார்கள். எண்ணிக்கை குறைவு, பிடிப்பு அதிகம்.

பள்ளியில் பிள்ளை தனியாக இருக்கும் என்பது உண்மை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போன பிள்ளையிடம் பக்கத்துப் பெஞ்சுப் பையன், "நீங்களும் விபூதி வைப்பீங்களாடா?" என்று கேட்பான். பல பிள்ளைகள் பதில் தெரியாமல் பள்ளி வாசலிலேயே கைக்குட்டையால் துடைத்துவிடுகின்றன. "நாம மண்ணுன்னு ஞாபகப்படுத்திக்கிற நாள், இன்னைக்கு நாங்க ஒருசந்தி" என்ற ஒரு வரிப் பதிலை முந்தின இரவு சொல்லிக்கொடுத்தால் போதும், துடைக்காது. சொல்லிப் பழகிய பிள்ளைக்குத் தன் விசுவாசம் தன் வாயில் இருக்கும். நாள் முழுக்கக் கத்தோலிக்கச் சூழலில் இருக்கும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதே இல்லை.

மறைக்கக் கூடாத ஒரு குறை. தெற்கிலும் டெல்டாவிலும் பல பங்குகளில் தெருவும் சாதியும் ஒன்றாகவே இருக்கின்றன. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடப் பிரிந்து கிடக்கிறது. அங்கே ஞாயிறு வகுப்பு நண்பர்கள் என்றால் ஒரே தெருக்காரர்கள் மட்டும் என்றாகிவிடும். ஒரே அப்பத்தைப் பகிர்கிற பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் வளர்வது விசுவாசக் கல்வியின் தோல்வி. உங்கள் பங்கு அப்படி என்றால், எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் பள்ளியாகத் தேடிச் சேருங்கள், அது சபைப் பள்ளியானாலும் அரசுப் பள்ளியானாலும்.

இந்த வழிக்கு விலை பெற்றோரின் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே பைக்கில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கிற அப்பாவைப் பிள்ளை கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.

## சுருக்கமாக ஒரு பார்வை

| | ஆர்.சி. பள்ளி | ஆங்கிலவழிச் சபைப் பள்ளி | விடுதி | பக்கத்துப் பள்ளி + ஞாயிறு |
|---|---|---|---|---|
| கோயிலில் பிள்ளைக்கு வேலை | எளிதில் கிடைக்கும் | தூரத்தைப் பொறுத்தது | விடுதிச் சிற்றாலயத்தில் மட்டும் | பங்கு உயிரோடு இருந்தால் எளிது |
| நட்பு | தெருவோடு ஒட்டியது | அகலம், சிதறல் | மிக ஆழம் | கோயிலில் சிறிய வட்டம் |
| நிலைத்திருக்கும் பெரியவர்கள் | ஆசிரியர்கள் | சில மூத்த ஆசிரியர்கள் | வார்டன் மாறுவார் | மறைக்கல்வி ஆசிரியர்கள் |
| பெரிய ஆபத்து | எட்டோடு முடிவது | ஜெப மொழி பிரிவது | கட்டாயம் | பெற்றோர் சோம்பல் |

## எந்த வழியானாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

நான்கு வழியிலும் பிள்ளைகள் கழன்றுகொள்ளும் இடம் ஒன்றேதான்: உறுதிப்பூசுதல் வாங்கியதும் மறைக்கல்வி முடிந்தது என்று நினைப்பது. கூடவே பதினொன்று, பன்னிரண்டில் ஞாயிறு காலை நீட் கோச்சிங் வந்துவிடும். சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்று திருச்சபைச் சட்டமே (விதி 1248) சொல்வதால், எந்தக் கோயிலில் அது உண்டு என்று விசாரித்து அந்த இரண்டு வருடத்துக்கு அதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாடகர் குழுப் பயிற்சியை விட்டாலும் மாதம் ஒரு வாசகத்தையாவது விட வேண்டாம். வெளியூர்க் கல்லூரிக்குப் போகும்போது ஹாஸ்டல் அறை பார்க்கிற அதே நாளில் பக்கத்துக் கோயிலின் பூசை நேரத்தைக் குறித்து, அங்குள்ள இளைஞர் குழுவில் ஒருவரின் எண்ணையாவது பிள்ளையின் ஃபோனில் ஏற்றிவிட்டு வாருங்கள்.

கடைசியாகக் காகித வேலை. பள்ளியிலோ விடுதியிலோ உறுதிப்பூசுதல் நடந்திருந்தால், அந்தத் தகவல் திருமுழுக்கு கொடுத்த பங்கின் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்புவது அவர்கள் கடமை. ஆனாலும் மாற்றல், விடுமுறைக் குழப்பத்தில் விட்டுப்போவது உண்டு. கல்யாணப் பேச்சு முடிந்த பிறகு எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பழைய பள்ளிக்கு அலைவதைவிட, உறுதிப்பூசுதல் நடந்த மாதமே சொந்தப் பங்கு அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லி, பெயருக்கு நேரே தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.